புதிய தொகுப்பாளரும் பழைய நகையும்: திரைநகைச்சுவைத் துணுக்கு நிகழ்ச்சிகளில் நேயர் ஏற்பு (ராசிங்காபுரம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளைத் துணுக்குகளாக்கி, அவற்றிற்கிடையே தொகுப்பாளர் ஒருவரைப் பேசவைக்கும் நிகழ்ச்சி வடிவம் தமிழ்த் தொலைக்காட்சியில் இருபதாண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றுள்ளது. இவ்வடிவத்தில் காட்சிகள் பெரும்பாலும் நேயர் முன்பே அறிந்தவை. புதியவர் தொகுப்பாளர் மட்டுமே. எனவே நேயரின் எதிர்வினை முழுவதும் தொகுப்பாளரையே சென்று சேர்கிறது. புதிய தொகுப்பாளர் முதலில் எதிர்ப்பையும் பின்னர் ஏற்பையும் பெறுவதன் காரணத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நன்னூற் பாயிரக் கோட்பாடு, தமிழ் உறவுமுறையில் உள்ள கேலி உரிமை ஆகிய மூன்றின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் வட்டாரத்தின் மொழிச்சூழலும் பார்வைச் சூழலும் இதற்குக் களப்பின்னணியாகக் கொள்ளப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், பாயிரம், கேலி முறை, தொகுப்பாளர், வட்டார வழக்கு, நேயர் ஏற்பு.

1. முன்னுரை

ஒரு நகைச்சுவையை இரண்டாம் முறை கேட்பவர் சிரிப்பதில்லை என்பது பொதுவான எண்ணம். தமிழ்நாட்டின் தொலைக்காட்சிப் பழக்கம் இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகிறது. 1989-இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் நடித்த வாழைப்பழக் காட்சியை முப்பதாண்டுகள் கடந்தும் மக்கள் பார்த்துச் சிரிக்கின்றனர். 2001-இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணி என்னும் பாத்திரம் 2019 மே மாதத்தில் சமூக ஊடகங்களின் வழியே உலகெங்கும் பேசப்பட்டது. பழைய நகை தேய்வதில்லை. மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது.

எடுத்தாள்பவர் ஒருவர் வேண்டும் என்ற இடத்தில்தான் தொகுப்பாளர் தோன்றுகிறார். தொலைக்காட்சி ஆய்வுகள் பெரும்பாலும் நடிகரையும் காட்சியையும் நோக்குகின்றன. இடையில் நின்று பேசுபவரை நிரப்புப்பொருளாகக் கருதிக் கடந்து செல்கின்றன. நேயரோ அவரைக் கடந்து செல்வதில்லை. புதிய தொகுப்பாளர் தோன்றிய முதல் நாளே வீட்டுத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அவரைப் பற்றிய தீர்ப்பு எழுந்துவிடுகிறது. அத்தீர்ப்பின் சொற்களையும் அவற்றின் அடிப்படையையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

2. கருதுகோள்

புதிய தொகுப்பாளர்மீது நேயர் கொள்ளும் வெறுப்பு, அவரது திறன்குறைவால் மட்டும் எழுவதன்று. கேலி செய்வதற்கு அவர் இன்னும் முறை பெறவில்லை என்னும் உணர்வே அதன் வேர். இவ்வுணர்வு தொலைக்காட்சியால் உண்டானதன்று; தமிழர் உறவமைப்பிலும் நிகழ்த்துகலை மரபிலும் இலக்கணச் சிந்தனையிலும் முன்பே வேரூன்றியது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

3. துணுக்கு நிகழ்ச்சியின் வளர்ச்சி

திரைப்படத்தின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துத் தனியே நுகரும் பழக்கம் தொலைக்காட்சிக்கு முற்பட்டது. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) ஆகிய படங்களின் உரையாடல்கள் திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி வழியே ஒலித்தன. காட்சியைக் காணாமலே உரையாடலை மனப்பாடமாகச் சொல்லும் தலைமுறை ஒன்று அதனால் உருவாயிற்று. வானொலியில் வந்த ஒலிச்சித்திரங்களும் பின்னர் வந்த ஒலிநாடாக்களும் அப்பழக்கத்தை வளர்த்தன. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களான கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்றோர், பாடலைப் போலவே பாடலுக்கு முன்வரும் பேச்சும் நேயரால் விரும்பப்படும் என்பதைத் தென் தமிழகத்திற்கு உணர்த்தினர்.

1975-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டபின் 'ஒலியும் ஒளியும்' பாடல் துணுக்குகளை வாரந்தோறும் வழங்கியது. 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் துணுக்கு நிகழ்ச்சிகள் பெருகின. 2000-களின் தொடக்கத்தில் சிட்டி பாபுவும் அர்ச்சனாவும் வழங்கிய 'காமெடி டைம்' நேயர்களுடன் தொலைபேசியில் உரையாடி, இடையிடையே திரைநகைச்சுவைக் காட்சிகளை ஒளிபரப்பியது. 2009-இல் ஆதித்யா தொலைக்காட்சி நகைச்சுவைக்கெனவே தொடங்கப்பட்டது. கலைஞர் தொலைக்காட்சிக் குழுமத்தின் சிரிப்பொலியும் அவ்வகையினதே. நாள் முழுவதும் நகைச்சுவை என்னும் நிலை ஏற்பட்டபோது, ஒரே காட்சி ஒரு வாரத்தில் பலமுறை வருவது இயல்பாயிற்று. காட்சியால் வேறுபடுத்த இயலாத நிகழ்ச்சிகளைத் தொகுப்பாளரால் வேறுபடுத்தும் தேவை அப்போதுதான் எழுந்தது.

2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் கம்பிவடத் தொலைக்காட்சியின் பரவலும் இவ்வடிவத்தை மலையடிவாரச் சிற்றூர்கள்வரை கொண்டுசேர்த்தன.

4. ராசிங்காபுரம்: பார்வைச் சூழலும் மொழிச் சூழலும்

ராசிங்காபுரம் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர்ப் பகுதியைச் சேர்ந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரச் சாரலை ஒட்டியது. போடி ஏலக்காய் வணிகத்தின் மையம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல விற்பனை நடைபெறும் இடங்களுள் ஒன்று. இவ்வட்டாரத்துக் கூலித் தொழிலாளர் பலர், அவர்களுள் பெண்கள் மிகுதியாக, விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர்.

இவ்வாழ்க்கைமுறை தொலைக்காட்சியைப் பார்க்கும் முறையையும் தீர்மானிக்கிறது. தொடர்கதைக்குத் தொடர்ந்த கவனம் வேண்டும். முழுத் திரைப்படத்திற்கு நீண்ட ஓய்வு வேண்டும். அடுப்பு மூட்டிக்கொண்டும் மறுநாள் தூக்குவாளியைக் கழுவிவைத்துக்கொண்டும் பார்ப்பவர்க்கு மூன்று நிமிடத் துணுக்கே பொருந்துகிறது. காட்சியைக் கண்ணால் காணாவிடினும் காதால் கேட்டே சிரிக்க இயலும். ஒலிபெருக்கிக் காலத்துப் பழக்கம் இங்குத் தொடர்கிறது. அவ்வாறு கேட்பவர் காட்சியை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறார். ஆனால் தொகுப்பாளரின் பேச்சை நினைவிலிருந்து நிரப்ப இயலாது. ஆகவே பாதிக் கவனத்தில் பார்க்கும் நேயரும் தொகுப்பாளரை முழுக் கவனத்துடன் கேட்கிறார் என்னும் முரண் தோன்றுகிறது.

மொழிச்சூழலும் கருதத்தக்கது. மதுரை–தேனி வழக்கிற்குரிய 'வந்தாய்ங்க', 'அங்கிட்டு', 'இங்கிட்டு' முதலிய வடிவங்கள் இங்கு அன்றாட வழக்கு. தோட்ட வேலையின் வழியே மலையாளத் தொடர்பும் உண்டு. வடிவேலுவின் திரைமொழி மதுரை வழக்கைச் சார்ந்தது. சென்னை நேயருக்கு அவ்வொலிப்பே சிரிப்பைத் தரலாம். ராசிங்காபுரத்து நேயருக்கு அது தம் வீட்டுப் பேச்சு. அவர் சிரிப்பது ஒலிப்பிற்காக அன்று. பாத்திரம் படும் பாட்டிற்காக. ஒரே காட்சியில் இருவேறு நகைப்பொருள்கள் இருக்கின்றன என்பது இதனால் பெறப்படும். தொகுப்பாளர் எந்நகையைச் சுட்டுகிறார் என்பதைப் பொறுத்தே அவர் இவ்வூரில் ஏற்கப்படுவதும் விலக்கப்படுவதும் அமைகின்றன.

5. மெய்ப்பாட்டியல் நோக்கு

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின்கண் பிறக்கும் என்கிறார். இந்நான்கனுள் எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் இங்குப் பெரிதும் பயன்படுகிறது. தான் பிறரை எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவதும் என அவர் எள்ளலை இருதிறப்படுத்துகிறார். எள்ளப்பட்டவனும் நகலாம் என்பது நுட்பமான கருத்து. எள்ளல் எப்போது பகையாகாமல் நகையாகிறது என்னும் வினாவிற்கு அதனுள் விடை உள்ளது: எள்ளப்பட்டவன் உடன் சிரிக்கும் இடத்தில் எள்ளல் நகை, அவன் சிரிக்க இயலாத இடத்தில் அது அவனுக்கு இளிவரல்.

துணுக்கில் வரும் எள்ளல் பாத்திரங்களிடையே நிகழ்வது. கவுண்டமணி செந்திலை எள்ளும்போது நேயர் பாதுகாப்பான தொலைவில் இருக்கிறார். தொகுப்பாளர் பேசத் தொடங்கியதும் தொலைவு குறைகிறது. அவர் நேயரை நேர்முகமாக விளிக்கிறார். தொலைபேசியில் அழைத்த நேயரிடம் பேசும்போது தொலைவு முற்றும் நீங்குகிறது. எள்ளற்பொருள் பாத்திரத்திலிருந்து நேயருக்கு மாறும் வாய்ப்பு அங்கு உருவாகிறது.

பேராசிரியர் சுவையை நான்கு நிலைகளாகப் பகுப்பதும் நினைக்கத்தக்கது: சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, அதனால் உள்ளத்தில் நிகழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல். திரையரங்கில் சுவைப்பொருள் காட்சி. துணுக்கு நிகழ்ச்சியில் சுவைப்பொருள் இரண்டு: காட்சியும், காட்சியைச் சுவைத்துக் காட்டும் தொகுப்பாளரும். தொகுப்பாளர் தாமே முதலில் சிரித்துவிடும்போது, விறல் சுவைப்பொருளுக்கு முன்னே வந்துவிடுகிறது. நேயர் இதனைச் செயற்கை என உணர்கிறார். 'சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார்' என்னும் குறை, புதிய தொகுப்பாளரைப் பற்றி எங்கும் கேட்கப்படும் குறைகளுள் ஒன்று. இலக்கணநெறியில் கூறின், அது மெய்ப்பாட்டின் வரிசை பிறழ்ந்தமை பற்றிய குறையேயாகும்.

6. தொகுப்பாளரின் முன்னோடிகள்

தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூத்தைத் தொடங்கிவைக்கிறான். பாத்திரங்களை அறிமுகம் செய்கிறான். அரசனையும் கேள்வி கேட்கிறான். அவையோரையும் கேலி செய்கிறான். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த மதுரை வட்டார இசைநாடகத்தில் பபூன் இவ்விடத்தைப் பெறுகிறான். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் 'ஆமாம்' போட்டும் இடைமறித்தும் கதையை நகர்த்துகிறார். இம்மூவரும் கதைக்கு உள்ளும் புறமும் நிற்பவர்கள். கதையை அறிந்த அவையோர்க்கு அதே கதையைப் புதிதாக்குபவர்கள். பாரதக் கதையின் முடிவை அறியாமல் எவரும் கூத்துப் பார்க்க அமர்வதில்லை. அறிந்த கதை, அறியாத இடைப்பேச்சு என்னும் இவ்வமைப்பே துணுக்கு நிகழ்ச்சியின் அமைப்புமாகும்.

ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. கட்டியங்காரன் ஊரை அறிந்தவன். எந்தெந்தக் குடும்பத்தைக் கேலி செய்யலாம், எவர் பெயரைச் சொன்னால் சண்டை வரும் என்பதை மேடையேறுமுன் கேட்டறிந்துகொள்வது அவனது தொழில்நெறி. தொலைக்காட்சித் தொகுப்பாளர் எந்த ஊரையும் அறியாமல் எல்லா ஊர்க்கும் பேசுகிறார். ஊரறிவு தரும் உரிமை அவருக்கு இல்லை; அதனை வேறு வழியில் ஈட்ட வேண்டியவராகிறார்.

7. பாயிரமும் பாயிரம் செய்வோரும்

துணுக்கிற்கு முன்வரும் பேச்சைப் பாயிரத்தோடு ஒப்பிடலாம். முகவுரை, அணிந்துரை, புறவுரை, புனைந்துரை முதலிய பல பெயர்களைப் பாயிரத்திற்கு வழங்கும் நன்னூல், அதனைச் செய்தற்கு உரியோர் யாவர் என்பதையும் வரையறுக்கிறது. நூலாசிரியனின் ஆசிரியன், அவனுடன் கற்றவன், அவன் மாணாக்கன், தகுதியுடைய உரைகாரன் ஆகிய நால்வரே அதற்குரியோர். நூலோடு தொடர்பற்றவன் பாயிரம் செய்தல் கூடாது. தன்னைத் தானே புகழ்தலும் தகாது.

இவ்வரையறையைத் தொகுப்பாளர்க்குப் பொருத்தினால் நேயர் ஏற்பின் பல நிலைகள் தெளிவாகின்றன. தாமே நடிகராக இருந்து தொகுப்பாளராகும் ஒருவர் 'உடன் கற்றவர்' நிலையினர். திரையிலும் நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட சிட்டி பாபுவின் பேச்சு, காட்சியின் தொடர்ச்சியாகவே நேயரால் கொள்ளப்பட்டதற்கு இது காரணமாகலாம். பழைய நடிகர்களைப் போற்றிப் பேசும் இளையவர் 'மாணாக்கர்' நிலையினர். காட்சியைத் தம்மினும் உயர்ந்ததாக வைக்கும்வரை அவர் ஏற்கப்படுகிறார். காட்சியின் நுட்பத்தை எடுத்துக்காட்டுபவர் 'உரைகாரர்'. இந்நால்வகையுள் எதனுள்ளும் அடங்காமல், காட்சியைத் தம் பேச்சிற்கு இடைவேளையாகக் கருதுபவரே நேயரின் சினத்திற்கு ஆளாகிறார்.

8. நேயரின் திறனாய்வுச் சொற்கள்

தொகுப்பாளரைப் பற்றிய எதிர்வினைகளை ஆராய, நேயர் வழங்கும் சொற்களே சிறந்த சான்றுகள். அவை மூவகைப்படும்.

முதல்வகை, நகை பிறவாமையைக் குறிப்பன: அறுவை, கழுத்தறுப்பு, ரம்பம், பிளேடு, கடி, மொக்கை. இவற்றுள் முதல் நான்கும் வெட்டுதலையும் வெட்டும் கருவியையும் குறிக்கின்றன. கடி பல்லின் செயல். மொக்கை முனை மழுங்கியது. நகை பிறக்காத பேச்சு கேட்போர் உடலில் செய்யப்படும் சித்திரவதையாக உருவகிக்கப்படுகிறது. தலைமுறை மாற்றமும் இவற்றில் தெரிகிறது. அறுவையிலும் ரம்பத்திலும் கேட்பவர் வலியை உணர்கிறார். பிற்காலத்தில் பரவிய மொக்கையில் வலி இல்லை; கருவியே பழுதுபட்டது. அறுவை கேட்பவரின் துன்பத்தைக் கூறும் சொல். மொக்கை பேசுபவரின் தரத்தைக் கூறும் சொல். எழுந்து போக இயலாத அவையில் அறுவை பிறந்தது. தொலையியக்கியைக் கையில் வைத்திருப்பவனுக்கு மொக்கை போதுமானதாயிற்று எனலாம்.

இரண்டாம் வகை, எள்ளலின் அளவைக் குறிப்பன: கேலி, கிண்டல், நையாண்டி, குசும்பு, நக்கல், லொள்ளு, எகத்தாளம். இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்ளுதல் பொருந்தாது. கேலியும் கிண்டலும் உறவினரிடையே இயல்பானவை. குசும்பில் பேசுபவரின் மதிநுட்பம் பாராட்டப்படுகிறது. நக்கலில் சற்று உயர்வுமனம் கலக்கிறது. எகத்தாளம் எள்ளப்பட்டவனை இழிவுசெய்வது. அதனைப் பாராட்டாக எவரும் வழங்குவதில்லை. தொகுப்பாளர் ஒருவரின் பேச்சைக் 'குசும்பு' என்பதற்கும் 'எகத்தாளம்' என்பதற்கும் இடையே அவரது ஏற்பும் மறுப்பும் அடங்கியுள்ளன.

மூன்றாம் வகை, பாராட்டைக் குறிப்பன: கலக்கல், டைமிங், கவுன்டர் முதலியன. இவற்றுள் டைமிங்கும் கவுன்டரும் விடைமொழியின் விரைவைக் குறிப்பன. எழுதிவைத்துப் படிப்பதை நேயர் உடனே கண்டுகொள்கிறார் என்பதற்கும், உடன்பேச்சின் விரைவையே திறனாக மதிக்கிறார் என்பதற்கும் இச்சொற்கள் சான்றாகும்.

9. கேலி முறை

தமிழ் உறவமைப்பில் கேலி எல்லார்க்கும் உரியதன்று. மாமன், மச்சான், கொழுந்தியாள், மதினி முதலிய உறவினரிடையே அது உரிமை. சில சடங்குகளில் கடமையும்கூட. தந்தை, தமையன், மருமகள்–மாமனார் ஆகிய உறவுகளில் அது விலக்கப்பட்டது. மானிடவியலார் ராட்கிளிஃப் பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய உறவை, ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய அனுமதிக்கப்பட்டும் கேலி செய்யப்படுபவர் சினங்கொள்ளாதிருக்க வேண்டியும் அமைந்த உறவு என விளக்கினார். பேராசிரியர் காட்டும் 'எள்ளப்பட்டவழித் தானும் நகும்' நிலை வாழ்க்கையில் நிகழுமிடம் இதுவே.

புதிய தொகுப்பாளர் முறையற்றவர். அவர் கேலி செய்யும்போது 'இவர் யார்?' என்னும் வினா எழுகிறது. அவ்வினா பெயர் கேட்பதன்று, முறை கேட்பது. தொகுப்பாளர்கள் உறவுப்பெயரால் அறியப்படுவதன் பொருள் இதனால் விளங்கும். ஆதித்யா தொலைக்காட்சியில் 'சொல்லுங்கண்ணே சொல்லுங்க' நிகழ்ச்சியின் வழித் தெருவில் மக்களிடம் கேள்வி கேட்டுப் புகழ்பெற்ற இமான் அண்ணாச்சி நெல்லைச் சீமை வழக்கில் பேசினார். அவரது பெயரிலேயே உறவுச்சொல் உள்ளது. நிகழ்ச்சித் தலைப்பும் எதிரில் நிற்பவரை அண்ணனாக விளிக்கிறது. விடை தவறியவர்களும் உடன் சிரிக்க இயன்றமைக்கு இவ்விருமுனை உறவு இடமளித்தது எனலாம்.

தொகுப்பாளர் மாறும் காலத்தில் இச்சிக்கல் தெளிவாக வெளிப்படும். துணுக்கு நிகழ்ச்சியன்றாயினும் நகைச்சுவை நிகழ்ச்சியான 'அது இது எது'வில் சிவகார்த்திகேயன் திரைத்துறைக்குச் சென்றபின் மா கா பா ஆனந்த் அவ்விடத்தை ஏற்றார். இத்தகைய மாற்றங்களில் முதலில் எழும் ஒப்பீடு தவிர்க்க இயலாதது. வீட்டிற்கு வந்த புது மாப்பிள்ளையைப் பழைய மாப்பிள்ளையோடு ஒப்பிடுவது போன்றது. நாளடைவில் பழக்கம் முறையை உண்டாக்குகிறது. அன்றாடம் ஒரே நேரத்தில் வீட்டிற்குள் வருபவர் விருந்தினராகவே நெடுநாள் இருத்தல் இயலாது.

10. தொலைபேசி நேயரும் வட்டார வழக்கும்

இவ்வடிவத்தில் உண்மையான இடர் தொலைபேசி உரையாடலில் உள்ளது. ஏலத்தோட்டத்து வேலை முடிந்து வந்த ஒருவர் முயன்று இணைப்புப் பெற்று, விரும்பிய காட்சியைக் கேட்கிறார் எனக் கொள்வோம். அவருக்கு அது ஊரறியத் தம் குரல் ஒலிக்கும் தருணம். தொகுப்பாளர் அவரது 'வந்தாய்ங்க'வைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தால் எள்ளற்பொருள் மாறிவிடுகிறது. அவர் கேட்ட காட்சியில் வடிவேலு பேசும் வழக்கும் அதுவே. திரையில் பாராட்டப்பெறும் வழக்கு, அதனை வீட்டில் பேசுபவரின் வாயில் வரும்போது பேதைமையின் அடையாளமாக்கப்படுகிறது.

அழைத்தவர் அப்போது சிரிக்கவே செய்வார். நேரலையில் வேறு செய்ய இயலாது. அச்சிரிப்பைப் பேராசிரியர் கூறும் இரண்டாம்வகை எள்ளல் நகையாகக் கொள்வதா, அவமானத்தை மறைக்கும் சிரிப்பாகக் கொள்வதா என்பதை ஒலியைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. மறுநாள் ஊரில் அவரது அழைப்பு எவ்வாறு பேசப்படுகிறது என்பதே அதன் உரைகல். முறையுள்ள தொகுப்பாளரின் கேலி ஊரில் பெருமையாகச் சொல்லப்படும். முறையற்றவரின் கேலி சொல்லப்படாமல் விடப்படும்.

தொகுப்பாளர் தாம் அறியாத வட்டார வழக்கைப் போலிசெய்தலும் இத்தன்மைத்தே. '-ஆய்ங்க' ஈற்றை எல்லா வினைகளிலும் ஒட்டிவிட்டால் மதுரை வழக்காகிவிடும் என எண்ணுவோர் அவ்வழக்கின் இலக்கணத்தை அறியாதவர். அது படர்க்கைப் பலர்பாலில் வருவது. தம் மொழி தவறாகப் பேசப்படுவதைக் கேட்கும் நேயர் காணும் பேதைமை தொகுப்பாளருடையது. நகை திசை மாறிப் பேசியவரையே அடைகிறது.

11. பெண் தொகுப்பாளர்

கேலி முறை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. இசைநாடக மேடையில் பபூனும் நடனப் பெண்ணும் தோன்றும் நகைச்சுவைக் காட்சியைத் தம் 2005-ஆம் ஆண்டு நூலில் ஆராய்ந்த சூசன் சைசர், பொதுமேடையில் நகையாடும் பெண்மீது சமூகம் சுமத்தும் பழியை விரிவாகக் காட்டியுள்ளார். தொலைக்காட்சியின் ஆண்–பெண் இணைத்தொகுப்பு அம்மேடை அமைப்பை ஒருபுடை ஒத்தது. பெண் தொகுப்பாளரின் பேச்சைக் காட்டிலும் அவரது சிரிப்பின் உரப்பும் உடையுமே முதலில் மதிப்பிடப்படுகின்றன. ஆண் தொகுப்பாளர்க்குக் 'குசும்பு' எனப்படும் அதே விடைமொழி பெண்ணுக்கு 'வாயாடித்தனம்' ஆகிறது. மதினி, கொழுந்தியாள் முறையில் பெண்களின் கேலி வீட்டிற்குள் முழு உரிமை பெற்றிருக்க, பொதுவெளியில் அவ்வுரிமை மறுக்கப்படுவது கருதத்தக்கது. தோட்டத்திற்குச் செல்லும் ஜீப்பிலும் களத்துமேட்டிலும் தம்முள் நகையாடிப் பழகிய பெண் நேயர்க்கோ இத்தகைய தொகுப்பாளர் அயலவராகத் தோன்ற வேண்டியதில்லை.

12. பிறநாட்டு ஒப்பீடு

ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1980-களில் வந்த நகைச்சுவை நிகழ்ச்சியொன்றின் பகுதியை முன்மாதிரியாகக் கொண்டு, வீட்டு ஒளிப்பதிவுத் துணுக்குகளைக் காட்டும் நிகழ்ச்சி அமெரிக்காவில் உருவாயிற்று. அதனை 1990 முதல் 1997 வரை பாப் சாகெட் வழங்கினார். துணுக்கில் வருவோர்க்குத் தாமே குரல் கொடுத்தார். பிரிட்டனின் இணையான நிகழ்ச்சி ஜெரமி பீடில், லிசா ரைலி ஆகியோரைக் கடந்து 2004-இல் ஹாரி ஹில்லிடம் வந்தது. அவர் திரையில் தோன்றாமல் குரலாக மட்டும் அமைந்தார். தொகுப்பாளர் காட்சியின் பின்னே மறைந்து, வில்லுப்பாட்டின் பின்பாட்டுக்காரர் போல ஆன நிலை இது.

அங்குத் துணுக்குகள் நேயர் அறியாதவை. தொகுப்பாளர் மறைந்தாலும் புதுமை எஞ்சும். தமிழ்த் துணுக்கு நிகழ்ச்சியில் காட்சி அறிந்ததாதலின், தொகுப்பாளர் மறைந்தால் எஞ்சுவது பழமை மட்டுமே. தமிழ் நேயர் தொகுப்பாளரிடம் கொள்ளும் கடுமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணமாகும்.

13. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

அறிந்த காட்சிகளைக் கொண்ட துணுக்கு நிகழ்ச்சியில் நேயரின் மதிப்பீட்டிற்குரிய முதற்பொருள் தொகுப்பாளரே. அவர்மீது நேயர் வழங்கும் சொற்கள் தொடர்பற்ற வசைகளல்ல. நகை பிறவாமை, எள்ளலின் அளவு, விடைமொழியின் விரைவு என வகைப்படுத்தத்தக்க நாட்டார் திறனாய்வுக் கலைச்சொற்கள்.

பாயிரம் செய்வோர்க்கு நன்னூல் வகுத்த உரிமையும், கேலி செய்வோர்க்கு உறவமைப்பு வகுத்த முறையும் ஒரே அடிப்படையின. பேசப்படும் பொருளோடும் கேட்போரோடும் பேசுபவர்க்குள்ள தொடர்பையே இரண்டும் கேட்கின்றன. புதிய தொகுப்பாளர்க்கு முதலில் கிடைக்கும் மறுப்பு, அத்தொடர்பு இன்னும் நிறுவப்படாமையின் விளைவு.

எள்ளப்பட்டவரும் உடன் சிரிக்கும் எள்ளலே நகையாகும் என்னும் உரைமரபுக் கருத்து, தொலைபேசியில் அழைக்கும் சிற்றூர் நேயரின் மானத்தைக் காக்கும் அளவுகோலாகவும் பயன்படும். ராசிங்காபுரம் போன்ற ஊர்களின் வழக்கு திரையில் பாராட்டப்பெற்று, நேயரின் வாயில் எள்ளப்படும் நிலை இவ்வளவுகோலின்படி நகையன்று, இளிவரல்.

தொலைக்காட்சியிலிருந்து கைபேசித் துணுக்குகளுக்கு நேயர் நகர்ந்துவரும் இக்காலத்தில் இடைநின்று பேசுபவர் மீண்டும் இல்லாமற் போகிறார். காட்சி பாயிரமின்றியே வந்து சேர்கிறது. அங்கு நேயரே துணுக்கைத் தேர்ந்து, ஒருவரி முன்னுரை எழுதி உறவினர்க்கு அனுப்புகிறார். அவர்க்கு முறை உண்டு. எவரைக் கேலி செய்யலாம் என்பதும் தெரியும். கட்டியங்காரன் தொலைக்காட்சி நிலையத்தை விட்டு ஊருக்குள் திரும்பிய இந்நிலை தனித்து ஆராயத்தக்கது.